என் ஓர்ப்படிக்கும் கம்ப்யூட்டருக்கும் மார்க் போட்டது

எனக்கும் என் ஓர்ப்படிக்கும் பதினொரு வருஷமாகப் பேச்சு இல்லை. என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவி அவள். எங்கள் சபையில் ஆர்கன் வாசிப்பவளும் அவள்தான். ஆர்கன் என்று சொல்வது பழக்கம். இருப்பது கீபோர்டு. பழைய ஆர்கனைக் கரையான் தின்று வெகுநாள் ஆகிறது.

பேச்சு நின்றதற்குக் காரணம் ஒன்றுதான். என் வீட்டுக்காரர் இறந்தபோது அடக்க ஆராதனையில் ஒரு பாட்டு கேட்டேன். அவருக்குப் பிடித்த பாட்டு. மெதுவாகப் பாட வேண்டியது. அதை அவள் கல்யாணத்துக்கு வாசிக்கிற வேகத்தில் வாசித்தாள். நான்கு சரணமும் மளமளவென்று முடிந்துவிட்டது. பெட்டியைத் தூக்கிவிட்டார்கள். நான் இன்னும் இரண்டாவது சரணத்தில் இருந்தேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்ததும் அவள் எனக்குக் காபி கொண்டுவந்தாள். வாங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் கையிலிருந்து எதையும் வாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவேன். அவள் வாசிப்பாள். நான் பாட மாட்டேன். பாட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பேன். சபையில் எல்லோருக்கும் இது தெரியும்.

எனக்கு ஆம்பூரில் ஷூ கம்பெனியில் வேலை. செக்கிங் டேபிள். ஏழாவது வரை படித்தேன். ஷூவின் மேல்பாகத்தை அப்பர் என்போம். தைத்து வரும் அப்பரை விளக்கடியில் திருப்பிப் பார்ப்பேன். தையல் விட்டிருந்தால், தோலில் கீறல் இருந்தால், பசை வழிந்திருந்தால், அந்த இடத்தில் ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவேன். ஒட்ட வேண்டிய குறை ஒன்றும் இல்லை என்றால் அது முதல் தரம். அவ்வளவுதான் வேலை. இதில் நல்லது எங்கே இருக்கிறது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை.

போன வருஷம் சபைக்குப் புதுச் செயலாளர் வந்தார். பாகாயம் பக்கம் ஏதோ ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைச் சட்டை, பாக்கெட்டில் இரண்டு பேனா. அவருக்கும் என் ஓர்ப்படிக்கும் ஆகாது. ஈஸ்டர் ஆராதனையில் அவர் மனைவி தனியாக ஒரு பாட்டு பாடினார். பாதியில் என் ஓர்ப்படி வாசிப்பதை நிறுத்தினாள். மைக் பக்கத்திலேயே இருந்தது.

"நீங்க எந்த சுருதில பாடறீங்கன்னு சொல்லிட்டீங்கன்னா நானும் அங்க வந்துடறேன்" என்றாள்.

சபை முழுதும் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. ஆனால் அவள் சொன்னது சரிதான்.

அதிலிருந்து மூன்று மாதத்தில் செயலாளர் கமிட்டியில் ஒரு யோசனை கொண்டுவந்தார். அவருடைய மருமகன் சென்னையில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறார். அவரிடம் ஒரு புரோகிராம் இருக்கிறது. பாட்டுக்கு நோட்டைக் கொடுத்தால் அதுவே கீபோர்டை வாசிக்கும். சும்மா வாசிக்காது. மனுஷர் மாதிரி உணர்ச்சியோடு வாசிக்கும். குறைக்கிற இடத்தில் குறைக்கும். நிற்கிற இடத்தில் நிற்கும். லீவு கேட்காது. யாரையும் திட்டாது. என் ஓர்ப்படிக்கு அறுபத்தைந்து வயது ஆகிறது, விரல் சரியாக மடங்கவில்லை, ஒரு சால்வை போட்டு உட்கார வைத்துவிடலாம் என்றார்.

கமிட்டி இரண்டாகப் பிரிந்தது. போதகர் ஒரு வழி சொன்னார். சபையில் ஐந்து பேர் உட்காரட்டும். யார் வாசிக்கிறார்கள் என்று பார்க்காமல் கேட்கட்டும். மார்க் போடட்டும். கம்ப்யூட்டருக்கு ஜாஸ்தி வந்தால் அவள் எழுந்துவிட வேண்டும். அவளுக்கு ஜாஸ்தி வந்தால் அந்தப் பேச்சை இனிமேல் எடுக்கக்கூடாது. என் ஓர்ப்படி ஒத்துக்கொண்டாளாம். "காது இருக்கறவங்களா பாத்து உக்கார வைங்க, அது போதும்" என்றாளாம்.

மறுநாள் செயலாளர் என் வீட்டுக்கு வந்தார். இதற்கு முன்னால் வந்ததே இல்லை. கையில் ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா.

"நீங்க ஒருத்தர் உக்காரணும்மா. கம்பெனில செக்கிங்தானே? தப்பு கண்டுபுடிக்கறதுல உங்கள மிஞ்ச ஆள் கெடையாதுன்னு சொல்றாங்க."

"பாட்டு வேற, ஷூ வேற சார்."

"எல்லாம் ஒண்ணுதாம்மா." குரலைக் குறைத்தார். "அவங்க வாசிக்கறது உங்களுக்குப் புடிக்காதுதானே?"

"புடிக்காது."

"அப்புறம் இன்னா? வந்து உக்காருங்க."

டப்பாவைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். என்னை ஏன் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்துதான் வருகிறேன் என்று சொன்னேன். பதினொரு வருஷம் கழித்துக் கையில் ஒரு பேனா கிடைக்கிறது. வேண்டாம் என்று சொல்ல நான் என்ன புனிதரா?

சனிக்கிழமை மதியம் கோயிலில் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் நாடகத்துக்குக் கட்டும் சிவப்புத் திரையைக் கீபோர்டுக்கு முன்னால் கட்டியிருந்தார்கள். முன்வரிசை பெஞ்சில் நாங்கள் ஐந்து பேர். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தி. தோல் ஷெட்டில் வேலை செய்யும் ஒருவர், பாட்டுக் குழுவில் தடித்த குரல் அவருடையது. காலேஜில் படிக்கும் ஒரு பெண். கடைசியில் நான். எனக்குப் பக்கத்தில் நர்ஸ்.

மருமகன் பேப்பர் கொடுத்தார். அமைதியான ஆள். மாமனார் மாதிரி இல்லை. மொத்தம் ஆறு பாட்டு. ஒவ்வொன்றையும் இரண்டு தடவை வாசிப்பார்கள். ஒரு தடவை கம்ப்யூட்டர், ஒரு தடவை அவள். எது முதலில் என்பதைக் காசு சுண்டிப் பார்த்து முடிவு செய்வார்கள். இரண்டும் அதே கீபோர்டில், அதே ஸ்பீக்கரில்தான் வரும். ஒவ்வொரு தடவைக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை மார்க். கம்ப்யூட்டர் வாசிக்கும்போது அவர் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். ஸ்டூல் சத்தத்தை வைத்து யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று.

திரைக்குப் பின்னால் சண்டை கேட்டது. வளையல் சத்தம் வரும், கழற்றுங்கள் என்று செயலாளர் சொல்கிறார்.

"என் புருஷன் உசுரோட வாசல்ல பைக் மேல உக்காந்துனு இருக்காரு. வளையல ஏன் கழட்டணும்?"

"ரூலும்மா."

"உங்க கம்ப்யூட்டருக்கு ரெண்டு வளையல் போட்டு வுடுங்க. சரியாப் போவும்."

தோல் ஷெட்காரர் பெஞ்சு ஆடச் சிரித்தார். கடைசியில் போதகர் தன் கைக்குட்டையைக் கொடுத்து வளையலோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் குரலை இவ்வளவு கிட்டத்தில் கேட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

முதல் பாட்டு ஆரம்பித்தது. நான் எனக்குத் தெரிந்த வேலையைச் செய்தேன். அப்பரைத் திருப்புகிற மாதிரி ஒவ்வொரு வரியாகத் திருப்பிப் பார்த்தேன். ஐந்து மார்க்கில் ஆரம்பித்தேன். தப்புக்கு ஒன்று கழித்தேன். முதலில் வந்த வாசிப்பில் தப்பே இல்லை. ஒவ்வொரு வரி முடிவிலும் கொஞ்சம் குறைந்து, கொஞ்சம் நின்று, அடுத்த வரியை எடுத்தது. ஐந்து. அடுத்து வந்ததில் இடது கை ஒரு இடத்தில் தாமதம். இரண்டாவது சரணத்தில் ஒரு கட்டையில் விரல் படவே இல்லை. கடைசி வரியில் வேகம். இரண்டு.

யார் எது என்று இரண்டாவது பாட்டிலேயே தெரிந்துவிட்டது. அவளுடைய இடது கை சுண்டுவிரல் மற்ற விரல்களோடு சேர்ந்து இறங்காது. கடைசியாக வரும். பதினொரு வருஷம் பாடாமல் நின்றவளுக்கு வேறு என்ன வேலை? அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் தெரிந்ததால் மார்க்கைக் குறைக்கவில்லை. இதை யாரும் நம்ப வேண்டியதில்லை. இருந்த தப்புக்குத்தான் கழித்தேன். நான்கு பாட்டு முடிந்தபோது கம்ப்யூட்டருக்கு வரிசையாக ஐந்து. அவளுக்கு இரண்டு, மூன்று, இரண்டு, ஒன்று. நர்ஸ் என் பேப்பரை எட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். நான் கையால் மறைத்தேன்.

ஐந்தாவது, அந்தப் பாட்டு.

அதையும் சேர்த்திருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. செயலாளர் வேண்டுமென்றே சேர்த்தாரா என்று தெரியாது. கேட்கவும் இல்லை.

முதலில் வந்தது மெதுவாக வந்தது. அந்த நாளில் எப்படி வாசிக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அப்படியே. ஒவ்வொரு வரியும் இறங்கி இறங்கிப் போனது. மூன்றாவது சரணத்தில் சத்தம் நன்றாகக் குறைந்தது. நான்காவதில் மெல்ல ஏறியது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், காலேஜ் பெண்ணாக இருக்கலாம். நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டேன். தப்பு ஒன்றும் இல்லை. திங்கட்கிழமை கம்பெனியில் கறுப்பு ஷூ லாட் வருகிறது, கறுப்பில் கீறல் சீக்கிரம் தெரியாது, விளக்கை மாற்றச் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பாட்டு முடிந்தது. ஐந்து என்று எழுதினேன்.

இரண்டாவது தடவை அவள் வாசித்தாள். அதே வேகம். அன்றைக்கு வாசித்த அதே வேகம். பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருத்தன் செருப்பு அறுந்து தடுமாறியது ஞாபகம் வந்தது. அவருடைய கால் பக்கம் பெட்டி சாய்ந்தது ஞாபகம் வந்தது. நிறுத்துங்கள் என்று அன்றைக்குச் சொல்ல வாய் திறந்தேன், சத்தம் வரவில்லை, அதுவும் ஞாபகம் வந்தது. சுண்டுவிரல் தாமதமாக இறங்கியது. எழுந்து போய்த் திரையைப் பிடுங்கி அந்தக் கையைக் கீபோர்டிலிருந்து தள்ள வேண்டும் போல இருந்தது. உட்கார்ந்திருந்தேன். பாட்டு முடிந்தது. ஒன்று என்று எழுதினேன். பேப்பர் கிழிந்துவிட்டது. அவ்வளவு அழுத்தியிருக்கிறேன்.

கிழிந்த இடத்துக்கு மேலே அச்சடித்திருந்ததை அப்போதுதான் ஒழுங்காகப் படித்தேன். 'இந்த வாசிப்பு உங்கள் மனதை எவ்வளவு தொட்டது?' என்று இருந்தது. எத்தனை தப்பு என்று இல்லை. எது முதல் தரம் என்றும் இல்லை. முதலிலேயே பார்த்தேன்தான். மார்க் என்றதும் என் கை அது பழகின வேலைக்குப் போய்விட்டது.

எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பேப்பரில் கேட்டது அதுதான். மெதுவாக வந்த வாசிப்பு என்னைக் கறுப்பு லாட் பக்கம் அனுப்பிவைத்தது. இவள் என்னைப் பதினொரு வருஷம் பின்னால் இழுத்துக்கொண்டு போய்க் கல்லறை வாசலில் நிறுத்தினாள். இதற்கு ஒன்று போட்டால் அது பொய். செக்கிங் டேபிளில் இருபது வருஷமாகப் பொய் ஸ்டிக்கர் ஒட்டியதில்லை.

ஒன்றை அடித்தேன். ஐந்து என்று எழுதினேன். பிறகு மேலே இருந்த எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக யோசித்து அடித்துத் திருத்தினேன். அவளுக்கு எல்லாம் ஏறியது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் இறங்கியது. ஆறாவது பாட்டுக்கும் அப்படித்தான். அது கல்யாணப் பாட்டு. அதை அவள் வாசித்தபோதும் எரிச்சல்தான் வந்தது. மூன்று போட்டேன்.

மருமகன் பேப்பர்களை வாங்கி மேஜையில் வைத்துக் கூட்டினார். போதகரும் கூட நின்றார். என் பேப்பரை மட்டும் கடைசியில் வைத்தார்கள். மற்ற நாலு பேரையும் சேர்த்துக் கூட்டினால் கம்ப்யூட்டர் ஐந்து மார்க் முன்னால் இருந்தது. என்னுடையதைச் சேர்த்தால் அவள் முன்னால் போனாள்.

செயலாளர் என் பேப்பரைத் தூக்கிப் பிடித்தார். கிழிந்த ஓட்டை வழியாக அவருடைய பேனா தெரிந்தது.

"இது இன்னா பேப்பரா, பரோட்டா கட்டின காகிதமா? அடிச்சுத் திருத்தினது செல்லாது."

"கம்பெனில தப்பா ஒட்டின ஸ்டிக்கரை எடுத்தா பக்கத்துல பேர் எழுதுவோம். குடுங்க, எழுதித் தர்றேன்."

"இது கம்பெனி இல்லம்மா, கோயில்."

"மாமா, திருத்தக்கூடாதுன்னு நான் ரூல் எழுதல" என்றார் மருமகன்.

"நீ சும்மா இரு." என் பக்கம் திரும்பினார். "வூட்ல வந்து கேட்டேனே, அன்னிக்கு இன்னா சொன்னீங்க? அவங்க வாசிக்கறது புடிக்காதுன்னு சொன்னீங்களா இல்லியா?"

திரை விலகியது. என் ஓர்ப்படி வெளியே வந்தாள். மணிக்கட்டில் போதகரின் கைக்குட்டை இன்னும் கட்டியிருந்தது.

"ஓஹோ" என்றாள். "அதுக்குத்தான் இவள உக்கார வெச்சீங்களா? ஊர்ல வேற காது கெடைக்கலியா?"

போதகர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய இடம் அது. எனக்கு அது பழக்கமில்லை.

"புடிக்காதுன்னு சொன்னேன்" என்றேன். "இப்பவும் புடிக்கல. செத்தாலும் புடிக்காது. பேப்பர்ல புடிச்சுதான்னு கேக்கல. தொட்டுதான்னு கேட்டிருக்கு."

"இன்னா தொட்டுது?" போதகர் கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"கோவம் வந்துதுய்யா. எழுந்து அடிக்கலாம்னு வந்துது."

"கம்ப்யூட்டர் வாசிச்சப்ப?"

"திங்கக்கெழம வேல ஞாபகம் வந்துது."

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். வாத்தியார் அவளை முறைத்தார். பிறகு அவரே தன் பேப்பரை மறுபடி ஒரு தடவை பார்த்தார்.

"இதெல்லாம் ஒரு மார்க்கா?" என்றார் செயலாளர். "கோவம் வந்தா அது சங்கீதமா? அப்போ பஸ் ஆரன் கூடச் சங்கீதம்தான்."

"பஸ் ஆரன் மேல நான் பதினோரு வருஷம் பேசாம இருக்கல சார்."

மருமகன் தலையைக் குனிந்துகொண்டார். லேப்டாப் வயரைச் சுற்ற ஆரம்பித்தார். போதகர் என் பேப்பரை வாங்கினார். பேனாவைக் கொடுத்தார். நான் திருத்திய ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் என் பேரை எழுதினேன். பத்து இடம். எனக்கு எழுதுவது மெதுவாகத்தான் வரும். எல்லோரும் நின்றுகொண்டே இருந்தார்கள்.

"செல்லும்" என்றார் போதகர். "ஆர்கன்ல அவங்களே இருக்கட்டும். இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

செயலாளர் திரையை அவிழ்க்கக்கூட நிற்கவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மருமகனை விட்டுவிட்டுப் போய்விட்டார். அவர் ஆட்டோ பிடித்தாராம்.

நான் வெளியே வந்து செருப்பைத் தேடினேன். அவள் பின்னாலேயே வந்தாள். கைக்குட்டையை அவிழ்த்துக்கொண்டே வந்தாள். முடிச்சு இறுகியிருந்தது. வலது கையால் அவிழ்க்க முயன்றாள், முடியவில்லை, பல்லால் இழுத்தாள். நான் உதவவில்லை.

"இன்னா, எனக்குப் பிச்ச போட்டதா நெனப்பா?" என்றாள்.

"கோவத்துக்குப் போட்ட மார்க் அது. வாசிப்புக்கு ரெண்டுதான்."

"ரெண்டா? எங்க கம்மியாச்சு?"

"எடது கை சுண்டுவெரல் லேட்டா வருது."

அவள் கையைத் தூக்கி விரலைப் பார்த்தாள். மடக்கிப் பார்த்தாள். பாதிதான் மடங்கியது.

"பாட்டுக் குழுல இருக்கறவங்களுக்கே அது தெரியாது" என்றாள்.

"எனக்குத் தெரியும்."

வாசலில் அவள் வீட்டுக்காரர், என் மூத்தார், பைக்கைக் கிளப்பி வைத்துக்கொண்டு எங்கள் இரண்டு பேரையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பக்கத்தில் வரவில்லை.

"அன்னிக்கு ஏன் அவ்ளோ வேகமா எடுத்தேன்னா..." என்று ஆரம்பித்தாள்.

"வேணாம்" என்றேன்.

"கேளுடி."

"கேக்க மாட்டேன்."

காரணத்தைக் கேட்டால் ஒருவேளை அது சரியான காரணமாக இருக்கும். அதைக் கையில் வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? செருப்பைப் போட்டுக்கொண்டேன்.

"இதுக்காக நான் உன் வூட்டுப் படி ஏறுவேன்னு நெனைக்காத" என்றாள்.

"ஏறாதீங்க."

அக்கா என்று நான் சொல்லவில்லை. அவளும் எதிர்பார்க்கவில்லை. ரோட்டைத் தாண்டிப் போய் ஷேர் ஆட்டோவில் ஏறிக்கொண்டேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. செயலாளர் வரவில்லை. அவள் வந்தாள், ஸ்டூலை முன்னால் இழுத்துப் போட்டாள், முதல் பாட்டை எடுத்தாள். வேகமாகத்தான் எடுத்தாள். முதல் சரணம் முடிவதற்குள் பின்வரிசைக் கிழவர்கள் எல்லோரும் மூச்சு வாங்கினார்கள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு நான்கு சரணமும் கேட்டேன்.